பிரேமன் முதல் பெங்களூர் வரை: ஒரு விமான நிறுவனத்தின் கதை

குளுவாங் மாணவர்களுக்கு ஹெலிகாப்டர் சத்தம் புதிதன்று. மக்கோத்தா முகாமில் மலேசியத் தரைப்படையின் வான்பிரிவு இருப்பதால், தலைக்கு மேலே ஒன்று கடந்துபோனால் யாரும் வெளியே ஓடிவந்து அண்ணாந்து பார்ப்பதில்லை. அந்த இயந்திரத்தின் முன்னோடி ஒன்று 1936ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் ஜெர்மனியின் பிரேமன் நகரில் தரையைவிட்டு எழும்பியது. அன்று அது காற்றில் நின்றது 28 விநாடிகள். விமானியின் விருப்பப்படி எல்லாத் திசையிலும் செலுத்தக்கூடிய முதல் ஹெலிகாப்டர் என்று பலரும் ஏற்றுக்கொள்வது அதைத்தான். அதன் பெயர் எஃப்டபிள்யூ 61. வடிவமைத்தவர் ஹென்ரிக் ஃபோக்கே.

வியப்பு என்னவென்றால், அதே ஆண்டில்தான் ஃபோக்கே தாம் தொடங்கிய நிறுவனத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். அவர் பெயரைச் சுமந்துகொண்டே அந்த நிறுவனம் இரண்டாம் உலகப் போரின் மிக ஆபத்தான போர் விமானங்களுள் ஒன்றைச் செய்தது. போர் முடிந்தபின் அதன் தலைமை வடிவமைப்பாளர் இந்தியாவுக்கு வந்து, பெங்களூரில் ஒரு ஜெட் விமானத்தை வரைந்தார். அந்த நிறுவனம்தான் ஃபோக்கே-வுல்ஃப். இந்தக் கட்டுரையில் 'எஞ்சின்' என்ற சொல் அடிக்கடி வரும். காரணத்தைப் போகப் போகப் பார்ப்போம்.

வாத்தும் விபத்தும்

முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனிக்கு வெர்சாய் ஒப்பந்தம் பல தடைகளை விதித்திருந்தது. போர் விமானம் செய்யக்கூடாது. சிறிய பயணிகள் விமானம் செய்யலாம். அந்தச் சூழலில் 1923 அக்டோபரில் ஹென்ரிக் ஃபோக்கேயும் அவருடைய நண்பர் கியோர்க் வுல்ஃபும் வேறு சிலரோடு சேர்ந்து பிரேமனில் இந்த நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஃபோக்கே வரைவார். வுல்ஃப் ஓட்டிப் பார்ப்பார்.

அவர்கள் செய்தவற்றுள் விசித்திரமானது எஃப் 19. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'வாத்து'. சாதாரண விமானத்தில் சிறிய இறக்கை வாலில் இருக்கும். இதில் அது மூக்குப் பக்கம் இருந்தது. விளையாட்டுக்காக அப்படி வைக்கவில்லை. விமானம் மூக்கை அளவுக்கு மீறித் தூக்கினால், இறக்கையின் மேல் ஓடும் காற்று பிரிந்துபோய்த் தூக்குவிசை திடீரென்று குறைந்துவிடும். அந்தக் காலத்தில் பல விமானிகளின் உயிரைக் குடித்தது இதுதான். முன்னால் உள்ள சிறிய இறக்கை முதலில் தூக்குவிசையை இழக்கும்படி அமைத்துவிட்டால், மூக்கு தானாகவே கீழே இறங்கும். பெரிய இறக்கை தப்பிக்கும். மலேசிய ஆகாயப் படையின் சூ-30 எம்.கே.எம். போர் விமானத்தின் படத்தைப் பாருங்கள். விமானியின் இருக்கைக்குப் பின்னால், பெரிய இறக்கைக்கு முன்னால் இரண்டு சிறிய இறக்கைகள் தெரியும். அங்கே அவற்றின் வேலை சற்று வேறு என்றாலும், அவற்றுக்கு வழங்கும் பிரெஞ்சுப் பெயருக்கும் வாத்து என்றுதான் பொருள்.

1927 செப்டம்பர் 29 அன்று அந்த வாத்தைச் சோதித்துக்கொண்டிருந்தபோது அது விழுந்து நொறுங்கியது. வுல்ஃப் இறந்தார். நிறுவனத்தின் பெயரிலிருந்து அவர் பெயரை ஃபோக்கே நீக்கவில்லை.

1931இல் குர்ட் டாங்க் என்ற பொறியாளர் நிறுவனத்தில் சேர்ந்தார். (பீரங்கி வண்டியான டாங்கிக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை; அது அவருடைய குடும்பப் பெயர்.) முதல் உலகப் போரில் குதிரைப்படையில் இருந்தவர். தாம் வரைந்த விமானத்தைத் தாமே ஓட்டிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர். அவர் கை வைத்த ஸ்டீக்லிட்ஸ் என்ற சிறிய பயிற்சி விமானம் நன்றாக விற்றது. அர்ஜென்டினா உரிமம் வாங்கித் தன் நாட்டிலேயே அதைச் செய்துகொண்டது. அர்ஜென்டினா இந்தக் கதையில் மீண்டும் வரும்.

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். விமானத் தொழிற்சாலைகள் எல்லாம் போருக்குத் தயாராக வேண்டும் என்ற நெருக்குதல் தொடங்கியது. ஃபோக்கேயின் மனமோ செங்குத்தாக எழும் இயந்திரங்களில் இருந்தது. அரசியல் ரீதியில் நம்பத்தகாதவர் என்று நாஜிகள் அவரைக் கருதினார்கள் என்பது வெளியே சொல்லப்பட்ட காரணம். தொழிற்சாலையைப் போர் விமான உற்பத்திக்கு முழுதாக எடுத்துக்கொள்வதற்காகவே அவரை அகற்றினார்கள் என்றும் ஒரு கருத்து உண்டு. எப்படியோ, பங்குதாரர்களின் நெருக்குதலால் அவர் வெளியேறினார். மறு ஆண்டு கெர்ட் ஆக்கெலிஸ் என்ற விமானியோடு சேர்ந்து ஹெலிகாப்டருக்கென்றே வேறொரு நிறுவனம் தொடங்கினார்.

எஃப்டபிள்யூ 61 எப்படிப் பறந்தது? நியூட்டனின் மூன்றாம் விதியை நீங்கள் படித்திருப்பீர்கள். எஞ்சின் மேலே உள்ள சுழலியை ஒரு பக்கம் சுற்றினால், உடற்பகுதி எதிர்ப்பக்கம் சுற்றப் பார்க்கும். குளுவாங்கில் நீங்கள் பார்க்கும் ஹெலிகாப்டரின் வாலில் ஒரு சிறிய சுழலி இருப்பது அதைத் தடுக்கத்தான். ஃபோக்கே வேறு வழியைப் பிடித்தார். ஸ்டீக்லிட்ஸ் விமானத்தின் உடலை எடுத்து, இறக்கைகளை நீக்கி, இரு பக்கமும் கம்பிச் சட்டங்களை நீட்டி, இரண்டு சுழலிகளைப் பொருத்தினார். ஒன்று வலமாகச் சுழன்றால் மற்றது இடமாகச் சுழலும். இரண்டின் திருப்பமும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். மூக்கில் ஒரு குட்டிச் சுழலியும் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு 'இது விமானம்தான், ஏமாற்றுகிறார்கள்' என்று நினைத்தவர்கள் உண்டு. அது எஞ்சினைக் குளிர்விக்கும் விசிறி மட்டுமே. 1938 பிப்ரவரியில் ஹன்னா ரைட்ச் என்ற பெண் விமானி பெர்லினில் ஓர் உள்ளரங்கத்துக்குள் பார்வையாளர் முன்னிலையில் இதை ஓட்டிக் காட்டினார்.

முதுகு ஒடிந்த கொண்டோர்

ஃபோக்கே போனபின் டாங்கின் கை ஓங்கியது. 26 பேர் பயணம் செய்யும் நான்கு எஞ்சின் விமானம் ஒன்றை அவர் வரைந்தார். பெயர் கொண்டோர். 1938 ஆகஸ்டில் அது பெர்லினிலிருந்து எங்கும் இறங்காமல் ஏறத்தாழ 25 மணி நேரத்தில் நியூயார்க் போய்ச் சேர்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் பாஸ்ரா, கராச்சி, ஹனோய் வழியாகத் தோக்கியோ வரை 46 மணி நேரத்தில் பறந்தது. கப்பலில் வாரக்கணக்கில் பயணம் செய்த காலம் அது.

போர் தொடங்கியதும் அதே பயணிகள் விமானத்தில் குண்டுகளும் துப்பாக்கிகளும் கூடுதல் எரிபொருளும் ஏற்றி, அட்லாண்டிக் கடலில் பிரிட்டிஷ் கப்பல்களைத் தேடியழிக்க அனுப்பினார்கள். கப்பல்களுக்கு அது பெரும் தொல்லையாக இருந்தது. ஆனால் பயணிகளின் எடைக்காகக் கணக்கிட்ட உடற்பகுதி, போர்ச்சுமையைத் தாங்கவில்லை. தரையிறங்கும் அதிர்ச்சியில் சில விமானங்களின் முதுகு இறக்கைக்குப் பின்னால் இரண்டாக ஒடிந்தது. ஒரு பொருள் எந்தச் சுமைக்காகக் கணக்கிடப்பட்டதோ அதற்குமேல் ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வெளிப்படையான பாடம் கிடைப்பது அரிது.

பந்தயக் குதிரையும் படைக் குதிரையும்

1937இல் ஜெர்மன் விமான அமைச்சகம் ஒரு புதிய ஒற்றை இருக்கைப் போர் விமானம் கேட்டது. அப்போது ஜெர்மனியிடம் மெசர்ஷ்மிட் 109 இருந்தது. பிரிட்டன் ஸ்பிட்ஃபயரைத் தயாரித்துக்கொண்டிருந்தது. இரண்டும் பந்தயக் குதிரைகள் என்பது பழைய குதிரைப்படை வீரரான டாங்கின் எண்ணம். நல்ல பாதையும் நல்ல பராமரிப்பும் இருந்தால் பறக்கும். கரடுமுரடான களத்தில் தடுமாறும். அடிபட்டாலும் வீடு திரும்பும் படைக் குதிரை ஒன்று வேண்டும் என்று அவர் நினைத்தார்.

அவர் எடுத்த முக்கிய முடிவு எஞ்சினைப் பற்றியது. உங்கள் வீட்டுக் காரில் ரேடியேட்டரும் தண்ணீரும் உண்டு. கப்சாய் மோட்டார் சைக்கிளில் அவை இல்லை. எஞ்சினைச் சுற்றி மீன் செதில் போன்ற உலோகத் தகடுகள் இருக்கும். ஓடும்போது படும் காற்றே அதைக் குளிர்விக்கும். மெசர்ஷ்மிட்டும் ஸ்பிட்ஃபயரும் கார் வகை. திரவக் குளிரூட்டல் எஞ்சின் ஒல்லியாக இருக்கும், மூக்கு கூர்மையாகும், காற்றுத்தடை குறையும். ஆனால் ரேடியேட்டரில் ஒரு தோட்டா பாய்ந்தால் திரவம் ஒழுகி, சில நிமிடங்களில் எஞ்சின் நின்றுவிடும். மோட்டார் சைக்கிள் வகை எஞ்சினில் ஒழுகுவதற்குத் திரவமில்லை. ஆனால் அதன் உருளைகள் நட்சத்திர வடிவில் வட்டமாக நிற்பதால் மூக்கு பருத்துவிடும். அப்படிப் பருத்த மூக்கோடு வேகமாகப் பறக்க முடியாது என்று ஐரோப்பாவில் பலர் நம்பினார்கள்.

டாங்க் அந்தப் பருத்த எஞ்சினையே கேட்டார். அமைச்சகம் இணங்கியதற்கு வேறொரு காரணமும் இருந்தது. திரவக் குளிரூட்டல் எஞ்சின்கள் எல்லாம் மெசர்ஷ்மிட்டுக்கே போய்க்கொண்டிருந்தன. பி.எம்.டபிள்யூ செய்த காற்றுக் குளிரூட்டல் எஞ்சினுக்கு அவ்வளவு போட்டியில்லை.

1939 ஜூன் 1 அன்று ஹான்ஸ் சாண்டர் என்ற சோதனை விமானி எஃப்டபிள்யூ 190இன் முதல் மாதிரியை ஓட்டினார். விமானம் நன்றாகத்தான் பறந்தது; ஓட்டுபவர்தான் வெந்துபோனார். எஞ்சினுக்கு ஒட்டியே இருந்த விமானி அறையில் வெப்பம் 55 பாகை செல்சியஸ் வரை ஏறியது. காலை அடுப்புக்குள் வைத்ததுபோல் இருந்ததாம். காற்றுத்தடையைக் குறைக்க எஞ்சினை இறுக்கமாக மூடியிருந்ததால், முன்வரிசை உருளைகளைத் தாண்டிப் பின்வரிசைக்குக் காற்று போதவில்லை. இதற்கு மூன்று தீர்வுகள் சேர்ந்து வந்தன. பி.எம்.டபிள்யூ 801 என்ற புதிய எஞ்சின் வந்தது: 14 உருளைகள், ஏறத்தாழ 42 லிட்டர் கொள்ளளவு, 1,500 குதிரைத்திறனுக்கும் மேல். விமானி அறை பின்னால் தள்ளப்பட்டது. எஞ்சினுக்கு முன்னால் 12 இதழ்கள் கொண்ட விசிறி ஒன்று பொருத்தப்பட்டு, பெரிய சுழலியைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வேகத்தில் சுற்றிக் காற்றை உள்ளே தள்ளியது.

எனக்கு இந்த விமானத்தில் மிகவும் பிடித்தது வேறொரு பெட்டி. அந்தக் கால விமானி எரிபொருள் கலவை, சுழலி இதழின் கோணம், காற்றழுத்தம், தீப்பொறி நேரம் ஆகியவற்றைத் தனித்தனியே சரிசெய்துகொண்டே போரிட வேண்டும். எஃப்டபிள்யூ 190இல் ஒரே ஒரு நெம்புகோல்தான். அதை முன்னே தள்ளினால் போதும்; எஞ்சினோடு இணைந்த ஒரு பெட்டி மற்ற எல்லாவற்றையும் தானே கணக்கிட்டுச் சரிசெய்யும். மின்னணுச் சில்லு இல்லாத காலத்தில், எண்ணெய் அழுத்தமும் பற்சக்கரங்களும் மட்டுமே கொண்டு ஓடிய கணிப்பொறி அது.

1941இல் இந்த விமானம் பிரான்சின் வானில் தோன்றியபோது பிரிட்டிஷ் விமானிகள் குழம்பினார்கள். பருத்த மூக்கைப் பார்த்து, ஜெர்மானியர் எங்கோ கைப்பற்றிய பழைய அமெரிக்க விமானமோ என்று நினைத்தார்கள். விரைவில் உண்மை தெரிந்தது. அன்றிருந்த ஸ்பிட்ஃபயர் இதற்கு ஈடுகொடுக்கவில்லை. அதைக் கையில் பிடித்து ஆராய பிரிட்டன் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில், 1942 ஜூன் 23 அன்று அர்மின் ஃபாபர் என்ற ஜெர்மன் விமானி திசை தடுமாறி, பிரிட்டனின் மேற்கே உள்ள பிரிஸ்டல் கால்வாயை ஆங்கிலக் கால்வாய் என்று எண்ணிக் கடந்து, வேல்ஸில் உள்ள பெம்ப்ரி விமானத்தளத்தில் தரையிறங்கினார். எந்தச் சேதமும் இல்லாத புத்தம்புது எஃப்டபிள்யூ 190 பிரிட்டனுக்குக் கிடைத்தது.

அதே 1942இல் நம் குளுவாங்கில் என்ன நடந்தது? பிப்ரவரி 14 அன்று, அதாவது சிங்கப்பூர் வீழ்வதற்கு முதல் நாள், குளுவாங், காஹாங் ஓடுதளங்களிலிருந்து ஜப்பானிய வான்குடைப் படை சுமத்ராவின் பலேம்பாங் எண்ணெய் ஆலைகளைப் பிடிக்கப் புறப்பட்டது. துணைக்குப் போனவை நகாஜிமா நிறுவனத்தின் ஹயாபுசா விமானங்கள். அவற்றிலும் காற்றுக் குளிரூட்டல் எஞ்சின்தான். ஆனால் அதன் திறன் 1,000 குதிரைத்திறன் அளவே. ஆகவே ஜப்பானியப் பொறியாளர்கள் எடையைக் குறைத்தார்கள்; தொடக்க கால ஹயாபுசாவின் வெற்று எடை இரண்டு டன்னுக்கும் குறைவு. விமானிக்குக் காப்புத் தகடு இல்லை. பலமான எஞ்சின் கிடைத்த டாங்குக்கு ஏறத்தாழ மூன்று டன் எடையுள்ள உறுதியான விமானத்தைச் செய்ய முடிந்தது. எஞ்சின் கொடுக்கும் இடத்துக்குள்தான் வடிவமைப்பாளர் கையை நீட்ட முடியும்.

டாங்கின் கையும் ஓரிடத்தில் முட்டியது. பி.எம்.டபிள்யூ எஞ்சின் 6,000 மீட்டருக்கு மேல், காற்று மெலிந்த உயரத்தில், பலம் குன்றியது. அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் அதற்கும் மேலேதான் வந்தன. கடைசியில் 1944இல் டாங்க் தாம் ஒதுக்கிய திரவக் குளிரூட்டல் எஞ்சினையே எடுத்து, மூக்கை நீட்டி, டி-9 என்ற வகையைச் செய்தார். எல்லா வகைகளும் சேர்ந்து 20,000 விமானங்களுக்கு மேல் உருவாயின.

பினாங்குக்கு வந்த இரும்புப் பட்டம்

வெளியேற்றப்பட்ட ஃபோக்கேயின் புதிய நிறுவனமும் போருக்குத் தப்பவில்லை. நீர்மூழ்கிக் கப்பலின் மேல்தளத்தில் நின்று பார்ப்பவரின் கண், கடல் மட்டத்திலிருந்து 5 மீட்டர் உயரத்தில் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். பூமி உருண்டை என்பதால் தொடுவானம் எவ்வளவு தூரம் என்று எளிதாகக் கணக்கிடலாம். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்கினால் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். 5 மீட்டருக்கு விடை 8 கி.மீ. 120 மீட்டருக்கு 39 கி.மீ. (510 மீட்டர் உயரமுள்ள குனோங் லம்பாக் உச்சியிலிருந்து, இடையில் மலைகள் இல்லையென்றால், எவ்வளவு தூரம் தெரியும்? நீங்களே போட்டுப் பாருங்கள், ஏறத்தாழ 81 கி.மீ. வர வேண்டும்.)

மாலுமியை எப்படி 120 மீட்டர் உயரத்துக்கு ஏற்றுவது? ஃபோக்கே செய்தது எஞ்சினே இல்லாத சுழலிப் பட்டம். இரும்புக் குழாய்ச் சட்டம், ஓர் இருக்கை, மேலே மூன்று இதழ்கள். மொத்தம் 75 கிலோ. கப்பல் காற்றை எதிர்த்து ஓடும்போது, அந்தக் காற்றே இதழ்களைச் சுழற்றிப் பட்டத்தை மேலே தூக்கும். வாவ் பட்டம் விட்டவர்களுக்கு இது உடனே புரியும். கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடுவது நீங்கள் இல்லை, கப்பல். எதிரி விமானம் வந்து கப்பல் அவசரமாக மூழ்க நேர்ந்தால், மேலே இருப்பவர் சுழலியைக் கழற்றிவிட்டு வான்குடையில் குதிக்க வேண்டும். கீழே கப்பல் காத்திருக்குமா என்பது அவருடைய அதிர்ஷ்டம்.

1943 முதல் பினாங்கில் ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்கு ஒரு தளம் இருந்தது. ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்காவைச் சுற்றி இந்தியப் பெருங்கடல் வழியாக அவை அங்கே வந்தன. இந்தப் பட்டத்தைச் சுமந்த யூ-181, யூ-861 ஆகிய கப்பல்களும் 1944இல் பினாங்கு சேர்ந்தன. அட்லாண்டிக்கைவிட இந்தியப் பெருங்கடலில் எதிரி விமானங்களின் தொல்லை குறைவு என்பதால்தான் பட்டம் இந்தப் பக்கம் பயன்பட்டது. ஆயினும் இதனால் கிடைத்த வெற்றி சொற்பம். 1943 ஆகஸ்டில் யூ-177 மொசாம்பிக் பக்கம் ஒரு கிரேக்கக் கப்பலைக் கண்டுபிடித்து மூழ்கடித்தது. அவ்வளவுதான் உறுதியாகச் சொல்லப்படுகிறது.

செய்தவர்கள் யார்?

20,000 விமானங்கள் என்று ஒரு வரியில் எழுதிவிட்டேன். அவற்றின் தகடுகளை வெட்டி ஆணி அடித்தவர்கள் யார் என்று கேட்காமல் இந்தக் கதையைச் சொல்வது சரியாகாது. ஜெர்மன் ஆண்கள் போர்முனைக்குப் போக, ஆக்கிரமிக்கப்பட்ட நாடுகளிலிருந்து பிடித்துவரப்பட்டவர்களும் போர்க் கைதிகளும் ஃபோக்கே-வுல்ஃப் தொழிற்சாலைகளில் கட்டாய உழைப்புக்கு ஆளானார்கள். விருப்பமில்லாத நாட்டுக்காக, தங்கள் சொந்த நாட்டின்மேல் குண்டு போடும் இயந்திரத்தை அவர்கள் செய்ய வேண்டியிருந்தது. 1943 அக்டோபரில் மரியன்பர்க் தொழிற்சாலையை அமெரிக்க விமானங்கள் தாக்கின. கீழே இருப்பவர் எந்த நாட்டவர் என்று குண்டு பார்க்காது.

இதை விளங்கிக்கொள்ள மலேசியத் தமிழர்களுக்குத் தூரம் போகத் தேவையில்லை. அதே ஆண்டுகளில் ஜப்பானியர் நம் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களைச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள், பலர் திரும்பவில்லை. அந்தக் கதை தெரிந்த தாத்தா பாட்டிகள் இன்னும் சில வீடுகளில் இருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

போருக்குப் பின் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். ஃபோக்கே-வுல்ஃபின் பங்குகளில் ஒரு பகுதி, அமெரிக்காவின் ஐ.டி.டி. என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தின் ஜெர்மன் கிளையிடம் இருந்தது. நேச நாட்டு விமானங்கள் தொழிற்சாலையை இடித்ததற்காக, 1960களில் ஐ.டி.டி. அமெரிக்க அரசிடமிருந்து இழப்பீடு பெற்றது.

டாங்க் இந்தியா வந்தார்

1945இல் ஜெர்மனி தோற்றது. விமானம் செய்வதற்குத் தடை. பிரேமன் தொழிற்சாலை சில ஆண்டுகள் கழித்துக் கிளைடர்களோடு மீண்டும் தொடங்கியது. 1960களில் மற்றொரு பிரேமன் நிறுவனத்தோடு இணைந்து அதன் பெயர் மறைந்தது. பின்னர் அந்த இடம் ஏர்பஸ்ஸின் பகுதியாயிற்று. நீங்கள் செனாயிலிருந்து ஏர்பஸ் ஏ320இல் பறந்திருந்தால், இறங்கும் நேரத்தில் இறக்கையின் பின்னால் பெரிய தகடுகள் விரிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த அமைப்பு பிரேமனின் பொறுப்பு.

டாங்க் 1947இல் வேறு பெயரில் அர்ஜென்டினா போனார். ஸ்டீக்லிட்ஸ் செய்த அதே கோர்டோபா நகரில், பின்னோக்கிச் சாய்ந்த இறக்கை கொண்ட புல்கி 2 என்ற ஜெட் விமானத்தை வரைந்தார். 1950இல் அது பறந்தது. சோதனைகளில் இரண்டு விமானிகள் உயிரிழந்தார்கள். 1955இல் அதிபர் பெரோனின் ஆட்சி கவிழ்ந்தது. டாங்குக்கு ஆதரவு போயிற்று. 1956இல் அவர் தம் குழுவினரோடு இந்தியா வந்தார்.

அப்துல் கலாம் தம் 'அக்னிச் சிறகுகள்' நூலில், சென்னைக் குரோம்பேட்டையில் உள்ள எம்.ஐ.டி. கல்லூரியின் ஆசிரியர்களை நினைவுகூரும் இடத்தில் குர்ட் டாங்கின் பெயரும் வருகிறது. கலாமுக்குப் பாடம் நடத்திய ஸ்பாண்டர் ஆஸ்திரிய நாட்டவர். நாஜிகளின் வதை முகாமில் அடைபட்டுக் கிடந்தவர். ஆகவே ஜெர்மானியர்களைக் கண்டால் அவருக்குப் பிடிக்காது. ஆனால் துறைத் தலைவராக இருந்தவர் ஒரு ஜெர்மானியர். நாஜி ஜெர்மனிக்காகப் போர் விமானம் செய்தவரின் பெயரும், நாஜிகளின் முகாமில் கிடந்தவரின் பெயரும், ராமேஸ்வரத்துப் படகோட்டியின் மகனுடைய நினைவில் அருகருகே இருக்கின்றன. புதிதாக விடுதலை பெற்ற நாடு, அறிவு எங்கிருந்து வந்தாலும் வாங்கிக்கொள்ளும் அவசரத்தில் இருந்தது. அது சரியா என்று நீங்கள் வகுப்பில் விவாதிக்கலாம்; எனக்கே இரண்டு மனம்.

பெங்களூரில் இந்துஸ்தான் விமான நிறுவனத்தில் டாங்க் வரைந்தது எச்.எஃப்-24. பெயர் மாருத். இந்தியாவில் அப்போது ஜெட் போர் விமானம் வடித்த அனுபவம் யாருக்கும் இல்லை. முதலில் மரத்தால் எஞ்சின் இல்லாத முழு அளவு மாதிரி ஒன்றைச் செய்து, இன்னொரு விமானத்தின் பின்னால் கட்டி இழுத்து உயரே போய் அவிழ்த்துவிட்டுச் சோதித்தார்கள். 1961 ஜூன் 17 அன்று சுரஞ்சன் தாஸ் உண்மையான மாருத்தை முதன்முதலாக ஓட்டினார்.

விமானப் படை கேட்டது ஒலியைப்போல் இரண்டு மடங்கு வேகம். டாங்கின் கணக்கெல்லாம் ஆர்ஃபியஸ் 12 என்ற பிரிட்டிஷ் எஞ்சினை நம்பியிருந்தது. அதில் பின்னெரிப்பு வசதி உண்டு: எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான வாயுவில் இன்னும் எரிபொருளைத் தெளித்து எரித்து உந்துவிசையைக் கூட்டுவது. ஓர் எஞ்சினுக்கு ஏறத்தாழ 3,700 கிலோ உந்துவிசை கிடைத்திருக்கும். ஆனால் அந்த எஞ்சின் தங்களுக்குத் தேவையில்லை என்று மற்ற நாடுகள் ஒதுங்கின, மீதிச் செலவை இந்தியா ஏற்கவில்லை, திட்டம் கைவிடப்பட்டது. சிறிய நாட் விமானத்துக்காகப் பெங்களூரிலேயே செய்யப்பட்டுவந்த ஆர்ஃபியஸின் எளிய வகையைப் பொருத்தினார்கள். அதன் உந்துவிசை ஏறத்தாழ 2,200 கிலோ. உடல் அதே உடல். இதயம் மட்டும் சிறியது. மாருத் ஒலியின் வேகத்தை ஒட்டியே நின்றுவிட்டது.

எகிப்தில் உருவாகிக்கொண்டிருந்த எஞ்சினை முயன்றார்கள். சோவியத் எஞ்சினைப் பார்த்தார்கள். இருப்பதிலேயே பின்னெரிப்பு சேர்த்துப் பார்த்தார்கள். ஒன்றும் கைகூடவில்லை. பின்னெரிப்புச் சேர்த்த மாதிரியைச் சோதித்தபோது 1970 ஜனவரி 10 அன்று சுரஞ்சன் தாஸ் விபத்தில் இறந்தார். டாங்க் ஜெர்மனி திரும்பினார். 1983இல் மூனிக்கில் காலமானார்.

ஆனாலும் மாருத் தோல்வி என்று நான் எழுதமாட்டேன். 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் தாழ்வாகப் பறந்து தாக்கும் வேலை அதற்குத் தரப்பட்டது. கீழிருந்து சுட்டதில் ஓர் எஞ்சின் போயும், மற்ற எஞ்சினோடு தளம் திரும்பிய மாருத்துகள் உண்டு. வான்சண்டையில் ஒன்றுகூட வீழவில்லை. பந்தயத்துக்கு வரைந்த உடலுக்குள் பழைய படைக் குதிரை இருந்தது. மொத்தம் 147 மாருத்துகள் செய்யப்பட்டு, 1990 அளவில் ஓய்வு பெற்றன. அதன்பின் இந்தியா தேஜஸ் என்ற அடுத்த போர் விமானத்தைச் சொந்தமாக வடித்தது. அதற்காக உருவாக்கிய காவேரி எஞ்சின் போதிய பலம் காட்டவில்லை. தேஜஸ் இன்றும் அமெரிக்க எஞ்சினில்தான் பறக்கிறது.

சென்னைக்குப் போனால் கோட்டூர்புரத்தில் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையத்துக்குப் போங்கள். அங்கே ஒரு மாருத் நிற்கிறது. இன்னொன்று மூனிக் அருகே ஜெர்மானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விமானி அறைக்கு இரு பக்கமும் காற்று உள்ளே போகும் வாய்களைப் பாருங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் பாதியாக வெட்டிய கூம்பு ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். ஒலியைவிட மிக வேகமாகப் பறக்கும்போது, உள்ளே வரும் காற்றின் வேகத்தை எஞ்சின் தாங்கும் அளவுக்குக் குறைப்பது அந்தக் கூம்பின் வேலை. டாங்க் கேட்ட எஞ்சினுக்காக அது அங்கே வைக்கப்பட்டது.